கீச்சு

பத்து நாளாகவே கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு கீச்சு,
சூடேறினால் அடங்கிவிடும்.
அடங்கிவிடுகிறதே என்று
நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

இன்று கருமாத்தூர் தாண்டி
புளியமரங்கள் முடிகிற இடத்தில்
பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது.
அரை கிலோமீட்டர் போவதற்குள்
டெம்பரேச்சர் முள் எழுந்து நின்றது.

ஒன்று மட்டும் என்றால் ஆயிரம் காரணம் சொல்லலாம்.
இரண்டும் சேர்ந்தால் ஒன்றே ஒன்று,
பெல்ட்.
அது போனால் டைனமோ சுற்றாது,
தண்ணீர்ப் பம்பு சுற்றாது,
விசிறி சும்மா வேடிக்கை பார்க்கும்.

ஓரங்கட்டி அணைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன்.
நார் நாராய்க் கிழிந்து
ஒரு துண்டு விசிறி இறக்கையில் தொங்கியது,
மற்றது எந்த மைல்கல்லில் விழுந்ததோ.

பின்னால் பதினான்கு மூட்டை மல்லி.
ஈரச் சாக்குக்குள் மொட்டு இன்னும் வாய் திறக்கவில்லை.
பக்கத்து சீட்டில் ஒச்சம்மாள்,
இருட்டில் பூப்பறிக்கக் கட்டிய விளக்கை
நெற்றியிலிருந்து கழற்றாமல்.

"என்னவாம்?"
"பெல்ட்டு அந்துருச்சுக்கா."
"அன்னைக்கே கத்துச்சே, எலிக்குஞ்சு மாதிரி.
எங்க காட்டுக்குள்ள வந்து நிக்கும்போதெல்லாம் கேக்கும்.
நீ பாட்டு வச்சிருந்த."

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு
ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனாள்.
பிடித்து இழுத்தேன்.
என் வலது முழங்கையில் வெந்த தோல்
அப்படி ஒரு மூடியைத் திறந்து வாங்கியது,
திருமங்கலம் ரயில்வே கேட், பழைய வண்டி.
"இருபது நிமிஷம் ஆறணும்."
"உன் இஞ்சின் ஆறுறதுக்குள்ள என் மொட்டு விரிஞ்சுரும்.
விரிஞ்சதை சென்ட்டுக் கம்பெனிக்காரன்தான்
கேட்ட வெலைக்கு அள்ளுவான்."

புது பெல்ட் மாட்டிய அன்றைக்கு
பழையதை எறிய வேண்டாம் என்று சொன்னான் தஸ்தகீர்.
எறியவில்லை.
தார்பாயின் மூலையை இழுத்துப் பிடிக்க
இரண்டு கொக்கிக்கு நடுவே மாட்டிவைத்திருந்தேன்,
ஒரு வருஷமாக வெயிலில்.
இறக்கி மடக்கிப் பார்த்தேன்.
மேலே வெடிப்பு. உள்ளே நூல் தெரியவில்லை.
மாட்டுத்தாவணி வரை போகும். போனால் போதும்.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்.
போல்ட்டைத் தளர்த்தி டைனமோவை உள்ளே தள்ளி
மூன்று புல்லியிலும் ஏற்றிவிட்டேன்.
இனி ஜாக்கிக் கம்பியால் நெம்பிப் பிடித்தபடி
போல்ட்டை முறுக்க வேண்டும்.
அதற்கு மூன்றாவது கை வேண்டும்.
ஒச்சம்மாள் கேட்காமலே கம்பியை வாங்கினாள்.
வெளிச்சம் அவள் நெற்றியிலிருந்து
சரியாக என் விரல்மேல் விழுந்தது.

கட்டைவிரலால் அழுத்தினேன். அரை அங்குலம்.
இதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும்,
இறுக்கினால் பேரிங் செத்துவிடும்.

தண்ணீர்?
பூவுக்குத் தெளிக்க வைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்றுதான்.
கேனைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள்,
நாகமலைக்கு மேலே வெளுப்பதைப் பார்த்தாள்.
"முக்காவாசி எடுத்துக்க.
மிச்சத்தை எம் பூவுக்கு வையி."
மூடி கைக்கு இதமானபின் கால் சுற்று திருகி,
உஸ்ஸென்று மூச்சு விட்டு முடியும்வரை நின்று,
நூல் பிடித்தாற்போல் ஊற்றினேன்.

பூ மார்க்கெட்டில் மணி ஏழரை.
எண்ணூறு ரூபாய் அப்போதே போய்விட்டதாம்.
அறுநூற்று ஐம்பதுக்குத் தராசில் ஏற்றினார்கள்.
வாடகையை எண்ணிக் கொடுத்தாள். ஐம்பது குறைந்தது.
"தண்ணிக்கு" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.

புது பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு
பாட்டுப் போடாமல் திரும்பினேன்.
காளவாசல் சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது
முன்பக்கம் இடது சக்கரத்தில்
இரும்பை இரும்பு தேய்க்கிற சன்னமான சத்தம்.
மிதித்தால் மட்டும்.
விட்டால் இல்லை.

இது எத்தனை நாளாகவோ.