நூற்றெண்பது வோல்ட்

பதினெட்டு கிலோ.
பெட்ஃபோர்டு நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி இறக்கம்.
கூட வந்த டெல்ஃபின் படிகளை எண்ணினான்,
ஒரு கை பிடிக்கவில்லை.

நாலு வால்வு, பதினைந்து வாட்.
சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது.
அடுப்பில் பால் வைத்த மாதிரி
பக்கத்திலேயே நிற்க வேண்டும்.
ஐப்பசியில் முதலில் கொஞ்சம்
கரகரவென்று சளி துப்பும்.

வால்யூம் மூன்றில் நல்ல பிள்ளை.
எனக்கெதற்கு நல்ல பிள்ளை?
ஆறில்தான் சத்தம் கிழியத் தொடங்கும்,
ஆறில்தான் கீழ்வீட்டு மெர்லின் டீச்சர்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்,
தாளத்தோடு.

ஞாயிறு மதியம்
மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார்.
தன் கிதாரை உறையிலிருந்து எடுத்து
ஒரே ஒரு ஈ கார்டு.
தலை சாய்த்து, அது அடங்கும்வரை கேட்டார்.
"ஓரம் கூர்மையா இருக்குங்க. காதைக் கீறுது."
உண்மைதான், மறுக்கவில்லை.
ஏழு மணி வரைக்கும் இருங்கள் என்றேன்.
நாலேகால் பஸ் அவருக்கு.

ஏழுக்குக் குன்னூர் முழுக்க கீசர் போடும்.
டியூப்லைட் துடிக்கும், மீட்டர் முள்
நூற்றெண்பதுக்குச் சரியும்.
அப்போது அதே ஈ கார்டு
அடித்த இடத்தில் சற்றுத் தொய்ந்து
பிறகு மெல்ல முதுகு நிமிர்த்தும்,
காட்டேரி வளைவில்
கியர் மாற்றிய லாரி போல.

எனக்குப் பிடித்த சத்தத்தில் பாதியை
குளிக்கப் போகிற யார் யாரோ
வாசிக்கிறார்கள்.

"விக்கிறியா இல்லையாடா?" என்றான் டெல்ஃபின்.
கரண்ட் போயிற்று.
இருட்டில் நாலு வால்வும்
கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருந்தன.