சிந்தியது: அரை வாளி

தீர்மானம் எண் நாற்பத்தொன்று:
பள்ளிப்பட்டுக்குப் பக்கம், சுங்கத் தெருவில்,
தறிக்கொட்டகைக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பது.
பேரூராட்சிக் கூட்டத்தில் சிரித்தார்கள்.
"உலகமே சூடாகுதாம்,
நாம சுண்ணாம்பு அடிக்கிறோமாம்."
கவுன்சிலர் சம்பூர்ணம் சிரிக்கவில்லை.
"உலகத்துக்கு யார் அடிக்கணுமோ அவங்க அடிக்கட்டும்.
என் வார்டுல பத்தொன்பது கொட்டகை."

அளக்கும் வேலை எனக்கு.
கையில் வெப்பம் பார்க்கும் துப்பாக்கி.
"கொரோனா திரும்ப வந்துடுச்சா?" என்று
இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.
உங்களுக்கு இல்லை, கூரைக்குத்தான் காய்ச்சல் என்றேன்.

சித்திரை. மதியம் இரண்டு மணி.
ஏணியில் நின்று சுட்டேன்.
ஆஸ்பெஸ்டாஸ்: ஐம்பத்தெட்டு.
கீழே, தறிச் சத்தத்துக்குள்,
தேசிங்கு பனியனைக் கழற்றிப் பிழிந்து
மறுபடி போட்டுக்கொண்டார்.
லுங்கியில் ஒரு கட்டம்கூடக் கோணவில்லை.
உள்ளே நாற்பத்தொன்று என்று எழுதியபோதுதான்
தீர்மான எண்ணும் அதுதானே என்று பட்டது.

சுண்ணாம்பு, பசை, சொட்டு நீலம்.
கால் வைத்தால் ஷீட் உடையும்;
பலகை போட்டு, படுத்தபடி அடித்தான் மாசிலாமணி.
இறங்கும்போது அவன் இமைகூட வெள்ளை.

நான்காம் நாள்
அதே ஏணி, அதே இரண்டு மணி.
நாற்பத்து நான்கு.
உள்ளே முப்பத்தேழு.
நம்பாமல் மூன்று தடவை சுட்டேன்.
தேசிங்கு கருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"நேத்து மத்தியானம் சோறு இறங்குச்சு" என்றார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தெரு நடுவே சாக்கடை.
அதைத் தாண்டினால் ஆந்திரா,
அங்கும் தறி, அங்கும் லுங்கி,
வேறு மின்வெட்டு நேரம்.
அந்தப் பக்கத்துக் கூரை ஒன்றை
ஒருநாள் சும்மா சுட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு.
யாருக்கும் சொல்லவில்லை.

கடைசிக் கூரை முடிந்த சாயங்காலம்
முனிலட்சுமி சாக்கடையைத் தாண்டி வந்தாள்,
கையில் காலிப் பெயிண்ட் டப்பா.
"மிகிலிந்தா?"
மிச்சம் இருந்தது.
அரை வாளி.
தமிழ்நாட்டு அரசுச் சுண்ணாம்பு.
ஆந்திரக் கூரைக்குப் போனால்
எந்தத் தலைப்பில் செலவு காட்டுவது?
ஆடிட்காரர் புரட்டுவாரே ஒவ்வொரு பக்கமாய்.
சம்பூர்ணம் மின்கம்பத்தைப் பார்த்தபடி சொன்னார்:
"வாளி ரொம்பத் தளும்புது,
பாத்துத் தூக்கும்மா."

ஒரே ஒரு ஷீட்டுக்குத்தான் வந்தது,
அவள் தறியில் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே.
எங்கள் ஏணியில் இருந்து பார்த்தால்
கறுத்த கூரைகளுக்கு நடுவில்
அவசரத்தில் போட்ட ஒட்டு மாதிரித் தெரிந்தது.

பதிவேட்டில் எழுதினேன்.
வந்தது: பன்னிரண்டு மூட்டை.
அடித்தது: பத்தொன்பது கூரை.
சிந்தியது: அரை வாளி.

சிந்திய இடம் என்று ஒரு கட்டம் இருந்தது.
கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தேன்.
வடக்கே
என்று எழுதினேன்.