முன்மொழிபவர் கூற்று

படிவம் ஏழு பக்கம்.
கடைசி நேரம் இன்று மாலை ஐந்தரை.
காரைக்குடி வெயில்
ஆய்வகக் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிறது.

பெயர்: மு. பூங்கோதை.
வயது: முப்பத்து நாலு வருடம், பதினோரு மாதம்.
விருதுக்கு அவர் இன்னும் இளையவர்தான்,
இருபத்தாறு நாளைக்கு.

ஆய்வுப் பொருள் என்ற கட்டத்தில்
சோடியம் மின்கலம், எதிர்மின்வாய்க்குக் கடினக் கார்பன்
என்று நிரப்பினேன்.
உமி என்று எழுதக் கை வரவில்லை.
புதுவயல் ரைஸ் மில்லில்
லாரி ஏறாமல் மிஞ்சிய உமி;
மூட்டைக்கு டிக்கெட் கேட்ட நடத்துநரோடு வாதாடி
டவுன் பஸ்ஸில் அவள் கொண்டுவந்தது.
படிவத்தில் அவர். இங்கே அவள்.
இரண்டுக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உலை, ஆயிரத்து முந்நூறு பாகை.
ஆர்கான் தீர்ந்த மாதத்தில்
எதிர் அறையில் சிலிண்டர் கடன் வாங்கினாள்.
ஐந்நூறு முறை ஏற்றி இறக்கிய பின்னும்
கொள்ளளவு தொண்ணூற்று மூன்றில் நின்றது.
கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.
கடைசிப் பெயர் என்னுடையது,
தலையில் ஒரு நட்சத்திரத்தோடு.

ஆறாம் பக்கம் கேட்கிறது:
இப்பணியில் முன்மொழிபவரின் பங்கு என்ன?
நூறு சொல்லுக்கு மிகாமல்.

இதற்கு முன் ஏழு பேருக்கு எழுதியிருக்கிறேன்.
ஏழிலும் 'வழிகாட்டினேன்',
தேய்ந்த ரப்பர் முத்திரை மாதிரி.
இம்முறை விரல் நின்றது.
அன்று சொன்னது காதில் இருக்கிறது:
இதன் சாம்பல் முழுக்க மணல்தாம்மா,
உலையைக் கெடுக்காதே.

நூறு சொல் தேவைப்படவில்லை.
'உமி குறித்து முதலில் தயங்கினேன்.'
அச்செடுத்தேன். வேட்பாளர் கையொப்பம் வேண்டுமே.

கையுறையைக் கழற்றிவிட்டு
நின்றபடியே படித்தாள், ஏழு பக்கமும்.
கட்டுரை எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தாள்:
அது இன்னும் ஏற்கப்படல, சார்.
'தலைசிறந்த' என்பதை இரண்டு இடத்தில் அடித்தாள்.
மறுபடி ஆறாம் பக்கம் போனாள்.
அலமாரியிலிருந்து நீலக் குறிப்பேடு,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
என் சிவப்பு மை, என் தேதி:
அனுமதி இல்லை.

தயங்கல, சார். மறுத்தீங்க.

குரலில் புகார் இல்லை.
தராசில் பூஜ்யம் விலகியிருந்தால்
சொல்வாளே, அந்தக் குரல்.

'தயங்கினேன்' மேல் ஒரு கோடு.
அதன் தலைமேல், அவள் கையெழுத்தில், 'மறுத்தேன்'.
திருத்தம் இருக்கும் இடத்திலெல்லாம்
முன்மொழிபவர் ஒப்பமிட வேண்டும் என்பது விதி.
பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன்.
பேனா கொஞ்சம் அழுத்திவிட்டது,
ஏழாம் பக்கத்திலும் தடம் தெரிந்தது.

ஐந்து இருபதுக்கு
பச்சை நிறத்தில் ஓர் எண் வந்தது.
குறிச்சுக்கோ என்றேன்.
உலை ஆறியிருக்கும் சார் என்று
போய்விட்டாள்.