காரணம் என்ற இடத்தில்

முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்
பள்ளிகொண்டாவில், டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே.
விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று
ஒரு வரி எழுதியாக வேண்டும்.
வாங்குகிறவர் ஏன் வாங்குகிறார்?
அதற்கு இதுவரை யாரும் வரி ஒதுக்கவில்லை.

'குடும்ப அவசரத்தை முன்னிட்டு' என்பேன் பொதுவாக.
அந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும்
சி.எம்.சி. ரசீது,
தோல் ஷாப்பில் வராத மூன்று மாதச் சம்பளம்,
ஆயிரம் பீடிக்கு ஏறாமலே நிற்கும் கூலி,
ஏறிக்கொண்டே போகும் வட்டி.

இருசம்மாள் வந்தது தொண்ணூற்றாறு, ஆடி மாதம்.
புருஷன் சின்னப்பையன்
சுண்ணாம்புக் குழியில் பத்தொன்பது வருடம் நின்றவன்;
ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவன் ரேகையை எடுத்தோம்.
எதிர் லாட்ஜில் நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.
எழுபது செண்ட், ரோட்டை ஒட்டி,
மல்லாட்டை போட்ட செம்மண்.
"ஒரு மாசம் பொறுத்தா கூடக் கெடைக்கும்மா" என்றேன்.
ஏன் என்று சொல்லவில்லை.
"மாசமா?" என்றாள்.
"சாயந்திரம் ஆறு மணிக்குள்ள கட்டணும் சார்."

தேவராஜுலு நிதானமாக வந்தார்.
நாலு வழிச் சாலைக்கு எங்கே கல் நடுவார்கள் என்பது
அவர் வீட்டுக்குக் காலைக் காப்பியோடு வந்துவிடும்.
இருசம்மாள் தெருவுக்கு
அது புல்டோசரோடு வரும்.

எழுதினேன்.
'நாளது தேதி முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்
தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்.'
விற்றவளின் புத்திரர், பௌத்திரர்
இனி எதை அனுபவிப்பார்கள் என்று எழுத
வாசகம் எதுவும் வழக்கத்தில் இல்லை.

அவர் அதில் ஒரு விதை போடவில்லை.
வேலிகாத்தான் முளைத்தது. யாரோ ஆடு மேய்த்தார்கள்.
ஒன்பது வருடம் சும்மா இருந்தார்.
சும்மா இருப்பதற்கும்
மூட்டையில் அரிசியும் மாதத்தில் வாடகையும் வேண்டும்.
பிறகு ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம்.
செண்ட் போய்ச் சதுர அடி வந்தது.

சாமர்த்தியம் என்பார்கள் டீக்கடையில்.
உழைப்பு என்று அவரே மேடையில் சொன்னார்.
தலையெழுத்து என்பவர்களும் உண்டு.
அதை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது;
கிரயப் பத்திரத்தை எழுதியது நான்.

போன வியாழன் அவள் மகள் பரிமளா வந்தாள்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள்.
விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்திருந்தது.
"மைனர் பங்கு வரும்னு ஒருத்தர் சொன்னாரு சார்."
"பதினெட்டு முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும்மா."
"அப்ப எனக்கு நைட் ஷிஃப்டு" என்றாள்,
லீவு கேட்டால் போதும் என்பதுபோல.

பொறுத்தவருக்கு ஒன்று பத்தாயிற்று.
இவளும்தான் பொறுத்தாள்;
இவள் பொறுமைக்குக் காலாவதி.

நகலை வாங்கி நான்கெல்லையை
விரல் வைத்துப் படித்தாள்:
"கிழக்கே ரோடு. தெற்கே ஓடை.
வடக்கே கோமளவல்லி நிலம்...
யாரு சார் இவங்க?"

கோமளவல்லி என் மனைவி.
நாலு செண்ட்.
இருசம்மாளுக்கு ஒரு மாதம் முன்பு,
கல் நடும் சேதி ஆபீஸ் வராந்தாவில் காதில் விழுந்த அன்றே
ஒரு கிழவனின் குடும்ப அவசரத்தை
நானும் முன்னிட்டேன்.
என் மகன் கனடாவில் இருப்பது
அந்த நாலு செண்டின் மீது.

தொண்டையைச் செருமினேன்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஹாரன் கேட்டது.
பதிலுக்கு நிற்காமல் நகலை மடித்தாள்,
சுருக்குப் பையிலிருந்து எண்ணி வைத்தாள்
எழுத்துக்கூலி நூற்றைம்பது.

வாங்கி மேஜை டிராயரில் போட்டேன்.
ரசீது கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.