நாப்பது லிட்டருக்கு நாப்பது மில்லி

அவினாசிபாளையம் தாண்டும்போது
பிக்கப் இருமியது.
பின்னால் மூவாயிரம் குஞ்சுகள்,
பொரித்து ஒரு பகல்கூட ஆகாதவை.
விடிவதற்குள் வெள்ளகோவில் பண்ணையில் இறக்கோணும்.
கண்ணாடியில் கரும்புகை,
யாரோ என் பின்னாலேயே கம்பளி விரித்துப் பிடித்து
ஓடி வருகிற மாதிரி.

எப்படியோ உருட்டிச் சேர்த்தேன்.
முப்பத்தேழு செத்திருந்தன.
வாடகையில் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆளுக்கொரு வைத்தியம்.
பஞ்சர் கடை மாசிலாமணி:
"ரெண்டு லிட்டர் சீமெண்ணெய் ஊத்துங்க, அடைப்புப் பிச்சுக்கும்."
டிராக்டர் கொமாரசாமி:
"டூ-டி ஆயிலுங்க்கா. பத்து வருசமா எனக்கு அதுதானுங்."
அவர் டிராக்டர் இப்போது எங்கே நிற்கிறது என்று
நான் கேட்கவில்லை.

பல்லடத்தில் ரத்தினகிரி ஸ்பேர்ஸ்.
மேசைமேல் மூன்று புட்டிகள் வந்தன.
சிவப்பு இன்ஜெக்டரைக் கழுவும்.
நீலம் சீட்டேனை ஏற்றும்.
வெள்ளை தண்ணீரை எடுக்கும்.
"மூணையும் ஒட்டுக்கா ஊத்தீருங்க்கா, வண்டி பறக்கும்."
பறக்கிற வண்டிக்கும்
ஏழாந்தேதி தவணை உண்டு.

புட்டிகளின் முதுகைத் திருப்பிப் படித்தேன்.
கடுகளவு எழுத்து.
லிட்டருக்கு ஒரு மில்லி என்றது சிவப்பு.
வெள்ளையில் அளவே இல்லை,
பாயும் புலி ஒன்று மட்டும் இருந்தது.
வெறுங்கையோடு வந்தேன்.

பட்டறையில் ஜமால் எந்தப் புட்டியையும் கேட்கவில்லை.
ஃபில்டர் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி
கண்ணாடி டம்ளரில் பிடித்தார்.
"சித்த பொறுங்க" என்று டீக்கு ஆளனுப்பினார்.
டீ வருவதற்குள்
டம்ளர் இரண்டாகப் பிரிந்துவிட்டது:
மேலே டீசல்,
கீழே இரண்டு விரல் தண்ணீர்.

டேங்க் மூடியின் ரப்பர் நைந்து
வைகாசியில் பெய்த கோடைமழை
என் டேங்கில் குளம் வெட்டியிருக்கிறது.

"வெள்ளைப் புட்டிய ஊத்தியிருந்தா?"
"தண்ணி கரைஞ்சு பம்புக்குள்ளயே போயிருக்கும்.
பம்பு என்ன வெலைன்னு தெரியுமில்லீங்?"
தெரியும்.
ரப்பர் முப்பத்தைந்து ரூபாய்.

தண்ணீரை வடித்தும் தட்டல் முழுசாகப் போகவில்லை.
"அது இன்ஜெக்டருங்க. கழட்டறதுக்கு முன்னாடி
சிவப்ப மட்டும் ஒருக்கா ஊத்திப் பாருங்க.
கேட்டாக் கேக்கும்."

அளக்க என்னிடம் இருந்தது
பண்ணையில் கொடுத்த புது ஊசிக்குழாய், இருபது மில்லி.
மருந்துப் பெட்டிக்குள் மறுபடி போகாமலிருக்க
சிவப்பு டேப் சுற்றினேன்.
பங்கில் முதலில் மருந்து, இரண்டு குழாய்.
அதன்மேல் நாற்பது லிட்டர்,
விழுகிற டீசலே கலக்கிவிடும்.
"என்னங்க்கா, வண்டிக்கு ஊசியா?"
"ஊசி இல்ல கண்ணு. குடிக்கிற மருந்து."

நோட்டில் எழுதினேன்.
முன்னே லிட்டருக்கு பதினொன்று புள்ளி ஆறு.
பின்னே பன்னிரண்டு புள்ளி இரண்டு.
ரத்தினகிரிக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன்.

அடுத்த வாரம் ஆடிக்காற்று எழுந்தது.
காற்றாலைகள் கைவீசிச் சுற்றின.
கிழக்கே போகையில் முதுகில் கைவைத்துத் தள்ளிய காற்று
திரும்பி வருகையில் நெஞ்சில் கைவைத்தது.
அதே மருந்து, அதே அளவு,
பதினொன்று புள்ளி ஐந்து.

அடித்து எழுதினேன்:
பாதி புட்டி,
பாதி பாலக்காட்டுக் கணவாய்.
எது எந்தப் பாதி என்று
புரட்டாசியில்தான் சொல்ல முடியும்.

நேற்று காங்கயத்தில் ரயில் மாதிரி நீண்ட ஒரு லாரி
திரும்பும் வரைக்கும் நின்றேன்.
பின்னால் ஏதோ சத்தம்.
பட்டா கழன்றதோ என்று இறங்கி ஓடினேன்.
குஞ்சுகள்.
மூவாயிரமும் ஒரே குரலில்.
இத்தனை மாதமும் இப்படித்தான் கத்தியிருக்கும்.
இன்ஜின் தட்டலில்
எனக்குத்தான் கேட்கவில்லை.