எண் பத்து ஊசி

சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கார் எஞ்சினுக்கு மின்வயரைச் செருகிவிட்டு வந்தேன்,
எங்கும் போகப்போவதில்லை என்றாலும்.
யார்க்டன் ஊரில் ஜனவரி அப்படித்தான்.
போகாத பயணத்துக்கும் வண்டி சூடாயிருக்க வேண்டும்.

மேசையில் டாரிலின் ஒட்டுப்போர்வை.
அக்கா மகன். கல்யாணப் பரிசென்று தொடங்கினேன்.
நட்சத்திரம், வெறுங்கட்டம், நட்சத்திரம்,
மொத்தம் நூற்றுநாற்பத்துநான்கு.
எழுபதாம் கட்டத்தில் அவர்களுக்குள் பேச்சு நின்றது.
நூறாவதில் வக்கீல்.
இப்போது ஓரம் மட்டும் பாக்கி,
யாருக்கு என்று தெரியாத ஓரம்.

கறுப்பன் டீக்கன், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு,
நான் எந்த மூலையைத் தைக்கிறேனோ
அந்த மூலையில் மட்டும் படுப்பான்.
செம்பட்டைக்காரி போர்ஷ்,
பீட்ரூட் சூப்பின் பெயர் வைத்தது என் தவறு,
அவளுக்கு நூல்தான் சாப்பாடு.
போன வாரம் பச்சை நூல் அரை முழம்.
போன வழியிலேயே வந்துவிட்டது, விடுங்கள்.

பதினோரு மணிக்கு லூபா அக்கா போன் செய்தாள்.
"பாதியாய் வெட்டிக் கொடுத்துவிடேன், ஒரீசியா"
என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
தைக்காதவர்களுக்கு வெட்டுவது எளிது.
பிறகு கோதுமை விலை, அவள் முட்டி வலி,
டானிஸ் ரெஜைனாவில் வீடு பார்த்துவிட்டாளாம்,
ஒற்றை அறை.
திரும்பி வந்தால்
ஊசி இல்லை.

ஊசி போன வழியேதான் நூலும் போகுமாம்.
இங்கே நூல் துணியில் தொங்குகிறது,
நுனி ஈரமாய், மென்றதுபோல.
ஜன்னலோரம் போர்ஷ் உதட்டை நக்குகிறாள்.

அடிவயிறு கலங்கிவிட்டது.
விலங்கு மருத்துவர் பாலத்துக்கு அந்தப் பக்கம்,
எக்ஸ்ரே என்றாலே இருநூறு டாலர்.
குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து
அவள் வயிற்றின்மேல் மெல்ல ஓட்டினேன்.
தடவிக்கொடுக்கிறேன் என்று நினைத்து
மல்லாந்து, நாலு காலையும் விரித்து,
மெஷின்போல் உறுமினாள்.
காந்தம் ஒன்றும் சொல்லவில்லை.
ஆழத்தில் இருந்தால் சொல்லுமா? தெரியாது.

பிறகு தரை. சோபாவுக்கு அடியில்
குண்டூசி ஒன்பது, திருகாணி ஒன்று,
உள்ளாடைக் கொக்கி,
இரண்டு வருடமாய்த் தேடிய தபால்பெட்டிச் சாவி.
எல்லாம் கிடைத்தது, எண் பத்து ஊசியைத் தவிர.
முட்டி போட்டபடியே உட்கார்ந்துவிட்டேன்.
கார் சூடாகத்தான் இருக்கிறது, கிளம்பிவிடலாம்
என்று காந்தத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

டிக்.

ஸ்வெட்டரில், இடது தோளுக்குச் சற்றுக் கீழே.
போன் எடுக்க ஓடியபோது
நானேதான் குத்திவைத்தேன்.
டீக்கன் என்னைப் பார்த்தான்,
பூசையில் தூங்கியவளைப் பாதிரியார் பார்ப்பதுபோல.

மூன்று மணிக்கே வெளிச்சம் சரிந்தது.
போர்வையைப் புரட்டிப் போட்டேன்.
பின்பக்க மூலையில் சின்னத் துணிச்சீட்டு.
முதல் வாரமே, அவசரக்குடுக்கை,
பெயர் இரண்டையும் நீல நூலில் போட்டுவிட்டேன்,
நடுவே "உம்" என்று இணைக்கிற
அந்தச் சுருள் குறியோடு.
தையல் பிரிப்பானை எடுத்தேன்.
எந்தப் பெயரை?

வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.
கடைசியில் சுருளை மட்டும் பிரித்தேன்.
பதினேழு தையல்.
துணியில் துளைகள் நின்றன.
பருத்தி என்றால், ஒருமுறை துவைத்தால்
மூடிக்கொள்ளும். பெரும்பாலும்.

ஒற்றை அறையில் குளிர் அதிகம் இருக்கும்.
அக்கா கோபித்துக்கொள்வாள், கொள்ளட்டும்.

ஓரத்தில் இன்னும் நாலு அங்குலம்.
அதன்மேல் டீக்கன்.
ஊசியில் நூல் கோத்து, அங்குஸ்தானை மாட்டி,
அவன் வாலைத் தூக்கி
வாலுக்கு அடியில் இருக்கிற ஒரு அங்குலத்தைத் தைத்தேன்.
மிச்சம் அவன் எழுந்தபிறகு.

அடடா, கார் வயர்.