யூசர் பேங்க்

பகலில் கல்லுக்கட்டி ஹார்டுவேர் கடையில் கணக்கு.
இரவில் இன்னொரு கணக்கு:
நூற்று இருபத்தெட்டு இடம்,
நூற்று இருபத்தெட்டிலும் ஆள் இருக்கிறது.
பேங்க் என்றுதான் இதற்கும் பெயர்.
காரைக்குடிக்குப் பொருத்தம்தான்.

கம்பெனி பேங்கில் கை வைக்க முடியாது.
ஹெலிகாப்டர், துப்பாக்கி, குதிரைக் குளம்பு,
எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்காத பாக்பைப்,
எல்லாம் அங்கே சாகாவரம் வாங்கி வந்தவை.
நாம் செய்ததை மட்டும்தான்
நாம் அழிக்கலாம்.

அதிலும் பாதி என்னுடையதில்லை.
தேவகோட்டை சூசைமாணிக்கம்
லோடு வேனுக்கு முன்பணம் போதாமல்
கீபோர்டை என்னிடம் தள்ளிவிட்டபோது
உள்ளே இருந்ததையும் சேர்த்தே விற்றார்,
குடியிருப்பவரோடு வீட்டை விற்பது போல.

எட்டு எழுத்துக்குள் பெயர், அதுவும் இங்கிலீஷில்.
கடைசி இரண்டெழுத்துக்கு இடமில்லாமல்
நாதஸ்வரம் அங்கே நாதஸ்வர் ஆகி
வடநாட்டுக்காரர் மாதிரி நிற்கிறது.
வீணை. வீணை இரண்டு. வீணை ஓகே.
மூன்றில் ஓகேதான் மோசம்.
அது நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் கல்யாணம்.
பாண்டித்துரை அண்ணன் லிஸ்ட் அனுப்பிவிட்டார்,
முப்பத்தொரு பாட்டு.
இதுவரை நான் அடுக்கியது கடை வழக்கப்படி:
அரை அங்குல போல்ட்டோடு அரை அங்குலம்,
புல்லாங்குழலோடு புல்லாங்குழல்.
பார்க்க லட்சணமாக இருக்கும்.
ஆனால் மேடையில்
நைனார் முகமது குச்சியால் நாலு தட்டுவதற்குள்
குழலிலிருந்து கிதாருக்கு
ஐம்பத்திரண்டு முறை அமுக்கிப் போக முடியாது.
இனி பாட்டு வரிசைதான்.
மோர்சிங்குக்குப் பக்கத்து வீட்டில் சர்ச் ஆர்கன்,
அதற்கடுத்து மாட்டுச் சலங்கை.

இரண்டு டம்ளரில் இருப்பதை இடம் மாற்ற
மூன்றாவது டம்ளர் ஒன்று வேண்டும்.
காலி டம்ளர்.
தேடினேன்.

எழுபத்தேழு. பெயர், ஒரு புள்ளி.
ஒரு கட்டையைத் தட்டினேன். சத்தமில்லை.
இன்னொன்று. இல்லை.
சரி, இதுதான் என்று நினைக்கையில் போன்.
பாண்டித்துரை அண்ணன்: "பிள்ளையார் பாட்டுக்கு மணி மறந்துராத."
ஒவ்வொரு எண்ணையும் குறித்து வைத்திருக்கும்
போன வருஷத்துப் பேரேடு
ஸ்டாண்டிலிருந்து சரிந்து
அடிக்கட்டைகள் மேல் விழுந்து கிடந்தது.
பேசி முடிப்பதற்குள்
அறையில் ஏதோ ஏறியிருந்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது.
ஆத்தங்குடி ரோட்டில் லாரி வருமுன்னே
ஜன்னல் கம்பிக்குத் தெரிந்துவிடுமே,
அது.

சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டேன்.
திருப்பத்தூரில் வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தார்.
"அதுவா? பொண்ணு வர லேட்டாகும்ல,
பாட்டு வாசிச்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.
நிறுத்துனா மைக்செட்காரனைத் திட்டுவாங்க.
அதுக்குன்னு செஞ்சது.
கேக்கவும் கூடாது, கேக்காமலும் இருக்கக் கூடாது."
பெயர் ஏன் வைக்கவில்லை?
"எட்டெழுத்துல என்னத்த வைக்க?
வேணாம்னா அழிச்சிரு. இந்த மாச டியூ கட்டியாச்சு."

நூற்று நான்குக்குப் போனேன், வீணை ஓகே.
ரைட் பட்டனை அமுக்கியதும்
நிச்சயமா என்று கேட்டது திரை.
எப்போதும் கேட்கும்.
கடையில் எத்தனை வவுச்சர் கிழித்திருக்கிறேன்,
ஒரு நாளும் எவரும் கேட்டதில்லை.
ஆமாம் என்றேன்.

அந்த ஓட்டை வழியாக
ஒவ்வொன்றாக ஆட்களை மாற்றி முடிக்க
மணி இரண்டேகால்.
பேரேட்டில் பற்று: வீணை ஓகே.
வரவுப் பக்கம் எழுபத்தேழுக்கு நேராக
பென்சிலால்: பொண்ணு வர லேட்.

ஞாயிற்றுக்கிழமை
பெண் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள்.
பாக்பைப்பைப் போலவே
எழுபத்தேழையும் யாரும் கேட்கவில்லை.

பந்தி முடிந்து
நைனார் சிம்பலை உறையில் போடும்போது
ஒற்றை விரலால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
பத்து, இருபது, முப்பது வினாடி.
யாரும் திரும்பவில்லை.
ஜெனரேட்டர்க்காரர் மட்டும் பீடியைக் கீழே போட்டு
அவசரமாக எழுந்து போய்
தன் வண்டி மேல் காதை வைத்தார்.